முறமும் ஆழாக்கும்: இல்லத்தில் இளஞ்சிறார் கல்வி



பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள இல்லங்களுக்குப் பயன்படக்கூடும் என்னும் எண்ணத்தில் இக்கட்டுரையை எழுதுகிறோம். நாங்கள் ஆசிரியப் பயிற்சி பெற்றவர்கள் அல்லோம். வந்தவாசிப் பகுதியிலிருந்து தொழில் நிமித்தமாக வந்து, தென்காசியை அடுத்த சுந்தரபாண்டியபுரத்தில் குடியமர்ந்த குடும்பம். எங்கள் தெருவில் வேறு சமணக் குடும்பம் இல்லை. நினைத்தபோது சென்று வழிபட அருகில் ஜினாலயமும் இல்லை. ஆகவே எங்கள் குழந்தைகளுக்கு அறம் என்று எது கிடைப்பதாயினும், அது எங்கள் வீட்டு அடுப்பங்கரையிலிருந்தும் முற்றத்திலிருந்தும்தான் கிடைக்க வேண்டும். இதை நாங்கள் உணர்ந்துகொள்ளச் சில ஆண்டுகள் ஆயின.

பள்ளி மூடிய காலம்

2020 மார்ச்சு மாதத்தில் பெருந்தொற்றின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1ஆம் நாள்தான் மீண்டும் திறக்கப்பட்டன. பள்ளி மூடியபோது எங்கள் மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஐந்து. மகன் முதல் வகுப்பில் பெயரளவில் சேர்ந்தானேயன்றி, வகுப்பறையைக் கண்டானில்லை. வீட்டில் இருந்ததோ ஒரே கைப்பேசி.

நாங்கள் முதலில் செய்தது பிழை. பள்ளியையே வீட்டுக்குள் கொண்டுவர முயன்றோம். ஒன்பது மணிக்குத் தமிழ், பத்து மணிக்குக் கணக்கு எனச் சுவரில் அட்டவணை ஒட்டினோம். மூன்றாம் வாரத்தில், எழுத்து நோட்டைக் கண்டதும் மகன் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளத் தொடங்கினான். ஆறு வயது நிறைந்த பிறகும் அவனுக்கு எழுத்துக் கூட்டத் தெரியவில்லை. ஊரிலிருந்து உறவினர் தொலைபேசியில் விசாரிக்கும் போதெல்லாம் எங்களுக்கு நாணமாகவும் அச்சமாகவும் இருந்தது.

வழிகாட்டியவர் பாட்டியார். "அவனை என் பக்கத்தில் உட்கார விடுங்கள். அரிசியில் கல் பார்க்க எனக்குக் கண் போதவில்லை" என்று சொல்லி, முறத்தை அவன் முன் வைத்தார். அன்று அவன் ஒரு மணி நேரம் அசையாமல் அமர்ந்திருந்தான். பொறுக்கிய கற்களைப் பத்துப் பத்தாக அடுக்கி, "முப்பத்து நான்கு" என்றான். நோட்டில் இருபதைத் தாண்டாத பிள்ளை அவன்.

மறுநாள் பாட்டியார் டப்பாக்களின்மீது பெயர் எழுதி ஒட்டச் சொன்னார். கடுகு, உளுந்து, துவரை, மிளகு, சீரகம். "கடுகு எடுத்து வா" என்றால் அவன் கடுகையே எடுத்து வர வேண்டும். உளுந்து டப்பா வந்தால் அதை அவனே கொண்டுபோய் வைத்துவிட்டு மீண்டும் வர வேண்டும். இரண்டு மாதத்தில் ஒட்டுத்தாள் இல்லாத டப்பாக்களுக்கு அவனே பெயர் எழுதினான். ‘வெந்தயம்’ என்பதில் ஒற்றெழுத்துக்கு இரண்டு புள்ளி வைத்திருந்தான். நாங்கள் அதைத் திருத்தவில்லை. சில வாரங்களில் தானாகவே கண்டு ஒன்றை அழித்தான்.

பயறு கற்பித்த பாடம்

இக்கட்டுரையின் மையம் இந்த நிகழ்ச்சிதான்.

ஊரடங்கு அச்சத்தால் நாங்கள் பச்சைப்பயற்றை அளவுக்கு மீறி வாங்கி அடைத்து வைத்திருந்தோம். ஒருநாள் முறத்தில் கொட்டியபோது பயற்றில் வட்ட வட்டமாகத் துளைகள். சிறிய பழுப்பு வண்டுகள் ஊர்ந்துகொண்டிருந்தன. குழந்தைகள் இருவரும் எங்கள் முகத்தையே பார்த்தனர். வண்டு பயற்றின் மேற்றோலில் முட்டையிடும் என்றும், புழு உள்ளே துளைத்துச் சென்று பருப்பை உண்டு வளரும் என்றும், வண்டான பின் வட்டத் துளையிட்டு வெளியேறும் என்றும் விளக்கினோம். வெண்புள்ளியாக ஒட்டியிருந்த முட்டைகளையும் காட்டினோம். அறிவியல் பாடம் நன்றாகவே நடந்தது.

பிறகு மகன் கேட்டான்: "இவை நம் வீட்டுக்கு வந்தது இவற்றின் தப்பா?"

எங்களுக்கு விடை வரவில்லை. பாட்டியார்தான் சொன்னார்: "அவற்றின் தப்பு இல்லை, கண்ணே. தேவைக்கு மேல் வாங்கி வைத்தோமே, அது நம் தப்பு."

கொல்லாமை, மிகுபொருள் விரும்பாமை என்னும் இரண்டு அணுவிரதங்களைத் தனித்தனிப் பாடமாகவே நாங்கள் படித்திருந்தோம். அவை ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை அன்று ஒரு முறம் பயறு எங்களுக்குக் காட்டியது. வண்டு விழுந்த பயற்றைக் குழந்தைகளே சுமந்து சென்று கொல்லைப்புற வேப்ப மரத்தின் நிழலில் வைத்தனர். இரண்டு படிக்கு மேல் வீணாயிற்று. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பதினைந்து நாள் தேவைக்கு மேல் பயறு வாங்குவதில்லை. அந்தக் கணக்கைப் போடுபவள் எங்கள் மகள்.

ஆகவே பெற்றோருக்கு நாங்கள் கூறுவது இது ஒன்றே. குழந்தைக்கு விளையாட்டு வேலையைத் தராதீர்கள். வீட்டுக்கு உண்மையில் தேவையான வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை தாருங்கள். உண்மையான வேலையில்தான் உண்மையான கேள்வி பிறக்கிறது.

முன்னோர் சென்ற நெறி

இது புதுமையன்று. ஆதிபகவன் தம் மகள் பிராமிக்கு எழுத்தையும், மற்றொரு மகள் சுந்தரிக்கு எண்ணையும் தாமே கற்பித்தார் என்று நம் புராணங்கள் கூறுகின்றன. உழவு, கைத்தொழில் உள்ளிட்ட அறுதொழிலை மக்களுக்குப் பயிற்றியவரும் அவரே. முதல் ஆசிரியர் ஒரு தந்தை. முதல் மாணவியர் அவர் பெண்மக்கள். வீட்டுக் கல்வி தாயின் பொறுப்பு மட்டுமே என்று எண்ணும் ஆடவர் இதை நினைவில் கொள்க. எங்களுள் ஒருவருக்குத் தோசை வார்க்கத் தெரிந்ததே அந்த 2020இல்தான்.

பள்ளி திறந்தபின் ஒரு விடுமுறையில் கழுகுமலைக்குச் சென்றோம். கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில் உள்ள அம்மலையில், ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசை வரிசையாகப் பாறையில் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றின் கீழுள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகளில் குரத்தியார் எனப்பட்ட பெண் ஆசிரியர் பலருடைய பெயர்களும் மாணாக்கர் பெயர்களும் காணப்படுகின்றன. "பெண்களே பெரிய டீச்சராக இருந்தார்களா?" என்று மகள் வியந்தாள். இருந்தார்கள் என்று கல்லைக் காட்டிச் சொல்ல முடிந்தது.

அண்மைக் காலத்திலும் அறிஞர் பலர் இந்நெறிக்கே வந்தனர். காந்தியடிகள் 1937இல் வார்தாவில் கைத்தொழிலை நடுவாகக் கொண்ட ஆதாரக் கல்வியை முன்வைத்தார். மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். தானியத்தை ஒரு கிண்ணத்திலிருந்து மற்றொன்றுக்குச் சிந்தாமல் மாற்றுவது அவர் முறையில் ஒரு பாடமேயாகும். தமிழ்நாட்டு அரசும் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுதும் விரிவாக்கியது. பாட்டியார் இவற்றில் எதனையும் அறியார். முறத்தை மட்டுமே அறிவார்.

எங்கள் இல்லத்துப் பாடங்கள்

அளவை. ஆழாக்கும் படியும் பல வீடுகளில் பரணில் கிடக்கும், இறக்கிக் கழுவுங்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. உரி என்பது அரை, உழக்கு என்பது கால், ஆழாக்கு என்பது அரைக்கால். குழந்தை அரிசியை அளந்து கொட்டும்போதே பின்னக் கணக்கு கைக்கு வந்துவிடுகிறது. எட்டில் ஒன்று நான்கில் ஒன்றைவிடச் சிறியது என்பதை எங்கள் மகன் எவரும் சொல்லாமலே அறிந்தான்.

நீர்த்துணி. நாம் நீரை வடிகட்டிப் பருகும் மரபினர். மகளின் முதல் தையற்பாடமாக, கெட்டியான பருத்தித் துணியை இரண்டாக மடித்து ஓரம் தைக்கச் சொன்னோம். தையல் கோணலாகத்தான் வந்தது. ஆயினும் அதையே குடத்தின் வாயில் கட்டினோம். துணியில் தங்கியதை வந்த நீர்நிலையிலேயே மெல்ல அலசி விடுவதன் காரணத்தையும் அப்போது கேட்டறிந்தாள். குற்றாலச் சாரல் காலத்தில் கலங்கி வரும் நீருக்கும் கோடை நீருக்கும் உள்ள வேறுபாட்டை அத்துணியே காட்டும்.

கோலம். அரிசி மாவால் மட்டுமே இட வேண்டும். எறும்புக்கு அது உணவு. இடைப்புள்ளிக் கோலத்தில் நடுவரிசை ஏழு, இருபுறமும் ஆறு, ஐந்து, நான்கு எனக் குறைத்தால் மொத்தம் எத்தனை புள்ளி? எண்ணாமல் கூட்டிச் சொல்லச் செய்யுங்கள். விடை 37.

மஞ்சள். வெள்ளைத் துணியில் மஞ்சள் நீரைத் தடவுங்கள். சுண்ணாம்பு நீர் பட்டால் சிவக்கும். எலுமிச்சைச் சாறு பட்டால் மீண்டும் மஞ்சளாகும். ஆரத்தி நீர் சிவப்பதன் காரணம் அப்போது புலப்படும். எங்களுக்குப் பக்கத்தில் புளியங்குடி இருப்பதால் எலுமிச்சைக்குக் குறைவில்லை. மிஞ்சிய சாறு எலுமிச்சைச் சோறாகும்.

சூரியகாந்தி. எங்கள் ஊர் வயல்கள் ஆடியை ஒட்டி மஞ்சள் பூக்கும். காண வருவோர் பலர். வரப்பை மிதிப்போரும் உளர். நாங்கள் உழவரிடம் இசைவு பெற்று, வரப்பில் நின்றே பார்ப்போம். இளம் மொட்டுகள் பகலவனைப் பின்பற்றித் திரும்பும். நன்கு மலர்ந்த பூக்கள் கிழக்கு நோக்கியே நிற்கும். அறுவடைக்குப் பின் உழவர் தந்த ஒரு தலையில் விதைச் சுழல் வரிசைகளைக் குழந்தைகள் எண்ணினர். ஒருபுறமாக 34, மறுபுறமாக 55. இரண்டு நாள் எண்ணினார்கள். அதற்குள் மூன்று சண்டை.

மாலை உணவு. கதிர் மறைவதற்குள் உண்ணும் நியமம் நமக்கு ஒரு கடிகாரம். நாள்தோறும் மறையும் நேரத்தைக் குறித்து வரச் செய்தோம். கார்த்திகைக்கும் ஆனிக்கும் ஏறத்தாழ முக்கால் மணி வேறுபடுகிறது என்பதை அவர்களே கண்டனர். அதற்கேற்ப எத்தனை மணிக்கு உலை வைப்பது என்பதையும் அவர்களே முடிவு செய்கின்றனர்.

வயதும் காவலும்

மூன்று, நான்கு வயதில் பொறுக்குதல், உரித்தல். ஐந்து, ஆறில் அளத்தல், பிசைதல், கொழுக்கட்டை பிடித்தல். ஏழு, எட்டில் கூர்மழுங்கிய கத்தியால் வாழைப்பழம், வெள்ளரி நறுக்குதல். பத்து வயதுக்கு முன் தனியாக அடுப்பருகே விடலாகாது. அதன் பின்னரும் பெரியவர் உடனிருக்க வேண்டும். சுண்ணாம்பைக் குழந்தை கையில் தராமல் நீங்களே துளியாக விடுங்கள். கண்ணில் பட்டால் பெருந்தீங்கு.

எங்கள் குறைகள்

உண்மையை மறைக்கலாகாது. நவம்பரில் பள்ளி வாயிலில் மகன் எங்கள் கையை விட மறுத்து அழுதான். ஒரே வயதுப் பிள்ளைகளுடன் பழகாததால், பொங்கல் வரை வகுப்பில் அவன் வாய் திறக்கவில்லை. மகளோ வகுத்தல் கணக்கிலும் ஆங்கிலத்திலும் பின்தங்கியிருந்தாள். தோழமையையும் சில பாடங்களையும் எங்கள் வீட்டால் தர முடியவில்லை. இவ்விரண்டையும் பள்ளி தந்தது. ஆகவே பள்ளியை விட்டுவிடுங்கள் என்று நாங்கள் சொல்ல மாட்டோம்.

ஆயினும் பள்ளி திறந்ததும் பல வீடுகளில் முறம் மீண்டும் சுவரில் ஏறிவிட்டது. நேரமில்லை என்கிறோம். குழந்தை சேர்ந்தால் வேலை இரட்டிப்பாகிறது, மாவு சிந்துகிறது, பத்து நிமிட வேலைக்கு அரை மணி ஆகிறது. மெய்தான். அந்த அரை மணியில் பொறுத்திருப்பதுதான் பெற்றோர் ஏற்க வேண்டிய நோன்பு.

நாம் எண்ணிக்கையில் சிறிய சமூகம். பிழைப்பிற்காகத் தனித்தனி ஊர்களில் சிதறி வாழ்கிறோம். ஜினாலயம் இல்லாத ஊரில் வளரும் குழந்தை, தான் யார் என்பதை எங்கிருந்து அறியும்? பாட்டியார் சென்ற ஆண்டு இயற்கை எய்தினார். அவர் கற்பித்தது எந்த நோட்டிலும் இல்லை. எங்கள் மகனின் கையில் இருக்கிறது.

அடுத்த இதழ் வருவதற்குள்

அன்பர்கள் இம்மூன்று மாதத்தில் இவற்றைச் செய்து பார்க்க வேண்டுகிறோம்.

1. முதல் மாதம்: வாரம் இருமுறை குழந்தையுடன் அமர்ந்து தானியம் பொறுக்குக. டப்பாக்களின் பெயரைக் குழந்தையே எழுதுக.

2. இரண்டாம் மாதம்: வீட்டிலுள்ள சரக்கை ஆழாக்கால் அளந்து, பதினைந்து நாளைக்கு எவ்வளவு தேவை எனக் கணக்கிடுக. தேவைக்கு மிஞ்சியிருப்பதை யாருக்குக் கொடுப்பது என்பதைக் குழந்தையே தீர்மானிக்கட்டும்.

3. மூன்றாம் மாதம்: ஒரு நாள் மாலை உணவைக் குழந்தைகள் பொறுப்பில் விடுக. தந்தையார் உதவியாளராக இருப்பாராக. சுவை எப்படியிருப்பினும் அனைவரும் கதிர் மறையும் முன் மகிழ்ந்து உண்க.

அறம் வளர்க, இல்லந்தோறும் நம் மழலையர் நலம் பெருகுக.