துஆவும் தவாவும்

உள்ளத்தின் அமைதி இறைவனின் திக்ரில் இருக்கிறது என்பதைத் திருக்குர்ஆனின் ரஃது அத்தியாயத்தில் (13:28) நாம் அடிக்கடி ஓதுகிறோம். பயான்களில் இதைக் கேட்காத முஸ்லிம் குடும்பம் இருக்காது. ஆனால் இந்த வசனத்தைச் சிலர் தலைகீழாகப் புரிந்து கொள்கின்றனர். அமைதி திக்ரில் இருப்பதால், மனம் பேதலித்தவன் திக்ரில் குறை வைத்தவன் என்றும், ஈமான் உறுதியானவனுக்கு மனநோய் வராது என்றும், மாத்திரை விழுங்குவது தவக்குலுக்குப் பழுது என்றும் முடிவு கட்டி விடுகின்றனர். வசனத்தில் இவற்றில் ஒன்றேனும் இல்லை.

சென்ற மாதம் ஒரு நாள் மஃரிபுக்குப் பின் மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தாய் தம் மகனை அழைத்து வந்தார். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. நம் முகத்தைப் பார்க்காமல், யாருக்கோ பதில் சொல்வது போல் உதட்டை அசைத்துக் கொண்டிருந்தான். “அஜ்ரத், தண்ணி ஓதிக் கொடுங்க” என்றார். ஓதிக் கொடுத்தோம். பிறகு, “பிள்ளை தூங்கி எத்தனை நாளாச்சும்மா?” என்று கேட்டோம். நான்கு நாட்கள் என்றார். மதுரையில் டாக்டரிடம் காட்டி ஆறு மாதம் மருந்து கொடுத்ததாகவும், பிள்ளை தேறி வேலைக்கும் போனதாகவும், ‘அல்லாஹ் மீது நம்பிக்கை இருந்தால் மருந்து எதற்கு’ என்று ஒருவர் சொல்லவே நிறுத்தி விட்டதாகவும் சொன்னார்.

அந்த ஒருவரைக் குறை சொல்லுமுன் நம்மைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதரஸாவை விட்டு வந்த புதிதில் நாமும் இப்படிப்பட்டவர்களுக்குத் தண்ணீர் ஓதிக் கொடுத்து, தாயத்துக் கட்டி, ஒரு கேள்வியும் கேளாமல் அனுப்பியவர்களே. அவர்களில் எத்தனை பேர் என்ன ஆனார்கள் என்பது நமக்குத் தெரியாது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மருத்துவம் செய்து கொள்ளும்படி ஏவியதும், நோயை இறக்கிய அல்லாஹ் அதற்குரிய நிவாரணத்தையும் இறக்கியே இருக்கிறான் என்று அறிவித்ததும் ஹதீஸ் கிரந்தங்களில் உள்ளன. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுத் தவக்குல் பேசியவரிடம், முதலில் கட்டு, பிறகு நம்பு என்ற கருத்தில் அவர்கள் சொன்னதும் நமக்குத் தெரிந்ததே. துக்க வீட்டாருக்கு ஆயிஷா (ரலி) அவர்கள் தல்பீனா என்னும் வாற்கோதுமைக் கஞ்சியைக் காய்ச்சிக் கொடுக்கச் சொல்வார்கள். அது நோயாளியின் நெஞ்சுக்கு ஆறுதலளித்துத் துயரத்தில் சிறிது போக்கும் என்று நாயகம் (ஸல்) சொல்லக் கேட்டிருந்தார்கள். துக்கம் நெஞ்சில், கஞ்சி வயிற்றில்! இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பதை அந்த வீடு அறிந்திருந்தது. யஃகூப் (அலை) அவர்கள் மகனை எண்ணித் துயருற்றுக் கண் வெளுத்துப் போனதைக் குர்ஆன் கூறுகிறது. ஒரு நபிக்கு ஈமான் குறைவென்று யார் சொல்லத் துணிவார்?

கி.பி. 934-இல் காலமான அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர், ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்னும் நூலில் உடலுக்கு ஒரு பாகமும் உள்ளத்துக்கு ஒரு பாகமும் ஒதுக்கினார். கோபம், பயம், துக்கம், வஸ்வாஸ் ஆகியவற்றை உள்ளத்தின் நோய்களாகவே எடுத்துப் பேசினார். துக்கத்தை இரண்டாகப் பிரித்தார்: காரணம் தெரிந்தது ஒன்று, தெரியாதது ஒன்று. முதலாவதற்கு நல்ல சொல்லும் சிந்தனையும் மருந்து. இரண்டாவது உடலிலிருந்து எழுவது, அதற்கு உடல் மருத்துவமே வேண்டும் என்றார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம்மவர் எழுதியது இது. கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284-இல் கட்டிய பெரிய மருத்துவமனையிலும் மனநோயாளிகளுக்கு இடம் இருந்தது.

இந்தப் பாரம்பரியத்தை மறந்ததன் விலையை நம் பக்கத்துச் சீமையிலேயே பார்த்தோம். இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் சுல்தான் செய்யிது இப்ராஹீம் ஷஹீத் (வலி) அவர்களின் தர்காவுக்கு எல்லா மதத்தாரும் மனநோயாளிகளை அழைத்துச் செல்வர். அங்கே தனியார் நடத்திய ஒரு காப்பகத்தின் ஓலைக் கொட்டகையில் 6-8-2001 அதிகாலை தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் போயின. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக் கொண்டது, காப்பகங்கள் மூடப்பட்டன. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதை எவ்வகையிலும் தடை செய்கிறது. பிற்பாடு ஏர்வாடியிலேயே துஆவுடன் தவாவும், அதாவது மருந்தும், சேர்த்துக் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. நெருப்புக்குப் பிறகுதான் வந்தது என்பது நம் நெஞ்சை உறுத்துகிறது.

புத்தி தெளியும் வரை பைத்தியக்காரனை விட்டுப் பேனா உயர்த்தப்பட்டிருக்கிறது என்பது ஹதீஸின் கருத்து. அல்லாஹ் கணக்கெழுதாத ஒருவனை நாம் சங்கிலியில் கட்டியது எந்த ஷரீஅத்தில் உள்ளது?

அப்படியானால் திக்ரும் தொழுகையும் எதற்கு என்று கேட்கலாம். எதற்கென்று நோயாளிகளே சொல்வார்கள். ஐவேளைத் தொழுகை நாளுக்கு ஓர் ஒழுங்கைத் தருகிறது. ஸஃப்பில் தோளோடு தோள் நிற்பவன் தனியனல்லன். கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் பாதுகாப்புத் தேடி நாயகம் (ஸல்) கேட்ட துஆ, தம் வேதனைக்குப் பெயர் வைக்கத் தெரியாதவருக்குச் சொல் கொடுக்கிறது. ஹவ்ளில் ஒரே கையைப் பத்துத் தடவை கழுவி, ஒளு சேர்ந்ததா என்று கலங்கும் சகோதரரை எல்லாப் பள்ளிவாசலிலும் பார்க்கலாம். அவருக்கு ஃபிக்ஹு, சந்தேகம் உறுதியைப் போக்காது, மூன்றோடு நிறுத்து என்கிறது. இன்றைய மனநல மருத்துவரும் ‘மறுபடி கழுவாமல் இருந்து பழகு’ என்றே பயிற்சி கொடுக்கிறார். ஆயினும் நிறுத்த முடியாமல் தவிப்பவரை ஃபத்வாவோடு அனுப்பாமல் மருத்துவரிடமும் அனுப்புவதே நம் கடமை.

ரமளானில் கூடுதல் கவனம் வேண்டும். மனநோய் மாத்திரைகளில் சில, உடலில் நீர் குறைந்தால் கேடு செய்பவை. நோன்புக்காக மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஷஃபானிலேயே மருத்துவரைக் கேளுங்கள். நோன்பு கூடாது என்று அவர் சொன்னால், நோயாளிக்குரிய சலுகை பகரா அத்தியாயத்தில் (2:184) இருக்கிறது.

மறுநாள் காலை அந்தத் தாயையும் பிள்ளையையும் மதுரை அரசினர் இராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நாமே அழைத்துச் சென்றோம். இரவில் பிள்ளை கட்டுக்கடங்காமல் போனால் 14416 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கேட்கலாம் என்பதையும் எழுதிக் கொடுத்தோம். சீட்டை வாங்கிக் கொண்டு, “அஜ்ரத், மாத்திரை கொடுக்கும்போது என்ன ஓதணும்?” என்று கேட்டார். “பிஸ்மில்லாஹ் சொல்லுங்கம்மா. அவன் முழுங்குற வரைக்கும் பக்கத்திலேயே இருங்க” என்றோம்.