மிதித்தால் நிற்க வேண்டும்!

(மூன்றாம் ஆண்டு ஆட்டோமொபைல் மாணவன் ஒருவனின் அனுபவப் பாடம்)



பாஸ்கல் விதியை எழுதுக. இரண்டு மார்க். நாம் எல்லோரும் மனப்பாடம் செய்து எழுதி, மார்க்கும் வாங்கி, மறந்தும் போய்விட்ட கேள்வி இது. அந்த இரண்டு மார்க் விதியை, கொல்லிமலையின் கொண்டை ஊசி வளைவு ஒன்றில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மறுபடி படித்தவன் நான். அதைத்தான் இந்த ஆண்டு மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

என் மாமாவிடம் ஒரு பழைய கார் உண்டு. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. சிவப்பு பெயிண்ட் அடித்து, அலாய் வீல் மாட்டி, தடிமனான சைலன்சர் ஒன்றையும் பொருத்தி, அதை "ஸ்போர்ட்ஸ் கார்" என்றே அழைப்பார். நாங்களும் சிரித்துக்கொண்டே அப்படியே அழைப்போம். ஆயுத பூஜைக்கு அந்த வண்டிக்குச் சந்தனம், குங்குமம், மாலை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் எல்லாம் வைத்தோம். வைக்காதது ஒன்றுதான்: புது பிரேக் ஆயில்!

மறுநாள் மாமா, அம்மா, நான், தம்பி நால்வரும் அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பினோம். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது மாமா பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் போட்டு, பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வந்தார். பாதி தூரம் வந்திருப்போம். காந்தல் வாடை வந்தது. அடுத்த வளைவில் மாமாவின் முகம் மாறியது.

"மாப்ளே, பெடல் உள்ளே போகுதுடா. பிரேக் பிடிக்கல!"

"மாமா, கியர்ல போடுங்க! ஹேண்ட் பிரேக்கை மெதுவா இழுங்க!" என்று கத்தினேன். இரண்டாவது கியர் விழுந்ததும் இன்ஜின் உறுமி வேகம் குறைந்தது. ஹேண்ட் பிரேக் கேபிளில் இயங்குவது. அதற்கு ஆயில் தேவையில்லை. மலைச்சுவர் ஓரமாக வண்டி நின்றது. அம்மா வெகுநேரம் பேசவே இல்லை.

அரை மணி நேரம் கழித்து மாமா பெடலை மிதித்துப் பார்த்தார். கல் மாதிரி நன்றாக இருந்தது! "ஒண்ணுமில்லடா, சும்மா சூடு" என்றார். நண்பர்களே, இந்த இடத்தில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். நடந்தது என்ன என்று பார்ப்போம்.

பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே

மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தின் மீது கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். 17ஆம் நூற்றாண்டில் பிளேஸ் பாஸ்கல் சொன்ன விதி இது. இதைக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். காலால் 20 கிலோ விசை கொடுக்கிறோம். பெடலின் நெம்புகோல் விகிதம் 4:1 என்றால் மாஸ்டர் சிலிண்டருக்கு 80 கிலோ போகும். மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் விட்டம் 20 மி.மீ., பரப்பு 3.14 ச.செ.மீ. ஆக அழுத்தம் சுமார் 25.5 கிலோ/ச.செ.மீ. முன் சக்கர காலிப்பர் பிஸ்டன் விட்டம் 48 மி.மீ., பரப்பு 18.1 ச.செ.மீ. என்று வைத்துக்கொண்டால் அங்கே கிடைக்கும் விசை சுமார் 460 கிலோ! பூஸ்டர் உதவியைச் சேர்க்காமலே இவ்வளவு.

இந்த முறைக்கு 1917இல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்காவின் மால்கம் லாக்ஹீட். 1921இல் வந்த டியூசன்பெர்க் மாடல் ஏ காரில் நான்கு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக் இருந்தது. அந்தக் காலத்து பிரேக் திரவங்களில் நம் ஊர் ஆமணக்கு எண்ணெயும் ஆல்கஹாலும் கலந்து பயன்பட்டன. "பிரேக் ஆயில்" என்ற பெயர் நம் வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆனால் இன்று கடையில் கிடைக்கும் டாட் 3, டாட் 4 ஆகியவை எண்ணெயே அல்ல. கிளைக்கால் ஈதர் வகைத் திரவங்கள். இன்ஜின் ஆயிலையோ பவர் ஸ்டியரிங் ஆயிலையோ அதில் ஒரு சொட்டு கூட ஊற்றக் கூடாது. உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும்.

இந்தத் திரவத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. உப்பு மழைக்காலத்தில் கசிவது போல, இதுவும் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் சேரச் சேரக் கொதிநிலை இறங்கும்.

டாட் 3: புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், ஈரம் சேர்ந்தபின் 140.
டாட் 4: புதிதில் 230, ஈரம் சேர்ந்தபின் 155.
டாட் 5.1: புதிதில் 260, ஈரம் சேர்ந்தபின் 180.

டாட் 5 என்று ஒன்று உண்டு. அது சிலிக்கோன் வகை. பெயர் ஒற்றுமையைப் பார்த்து மற்றவற்றோடு கலந்துவிடாதீர்கள்.

இப்போது மலைக்கு வருவோம். ஆட்களோடு 1000 கிலோ எடையுள்ள கார் 1000 மீட்டர் உயரம் இறங்குகிறது. நிறை × ஈர்ப்பு முடுக்கம் × உயரம் என்று போட்டால் சுமார் 98 லட்சம் ஜூல். இது ஏறக்குறைய 4 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து முழுவதும் ஆவியாக்கப் போதுமான வெப்பம். கியரில் இறங்கினால் இதில் ஒரு பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் போட்டால்? காற்றுத் தடையும் டயர் உராய்வும் தின்றது போக மீதி அத்தனையும் பிரேக் தலையில்தான்! அந்தச் சூடு காலிப்பருக்கு ஏறி, பழைய திரவம் உள்ளே கொதித்து ஆவியானது. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். மாமா மிதித்த மிதி எல்லாம் ஆவியை அமுக்குவதிலேயே செலவாகிவிட்டது. ஆறியதும் ஆவி மறுபடி திரவமானது, பெடலும் பழையபடி ஆனது. நோய் மறைந்திருந்ததே தவிரப் போகவில்லை. அன்று மீதி வளைவுகளை இரண்டாவது கியரிலேயே ஊர்ந்து இறங்கினோம்.

வீட்டு வாசலில் ஒர்க்ஷாப்

மறு ஞாயிறு வேலையை ஆரம்பித்தோம். முதலில் நம் ஒர்க்ஷாப் இன்ஸ்ட்ரக்டர் சாரிடம் முறையைக் கேட்டு எழுதிக்கொண்டேன். நீங்களும் முதல் தடவை, தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்யுங்கள்.

வேண்டியவை: சீல் உடைக்காத பிரேக் ஆயில் அரை லிட்டர் பாட்டில் இரண்டு (எந்த வகை என்று ரிசர்வாயர் மூடியிலேயே எழுதியிருக்கும்), நிப்பிளுக்குப் பொருந்தும் ரிங் ஸ்பேனர், ஓர் அடி நீளக் கண்ணாடி டியூப், காலி பாட்டில், பெரிய சிரிஞ்ச், ஜாக்கி, ஸ்டாண்ட், கட்டைகள், சுத்தமான துணி, ஒரு வாளித் தண்ணீர், கையுறை, கண்ணாடி. கூடவே, சொன்னதைச் சொன்னபடி செய்யும் ஒரு ஆள்.

1. சமதரையில் வண்டியை நிறுத்திச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கை வைக்காதீர்கள். ஸ்டாண்ட் கட்டாயம். செங்கல் அடுக்குவது வேண்டவே வேண்டாம்.

2. ரிசர்வாயரில் உள்ள பழைய ஆயிலை சிரிஞ்சால் உறிஞ்சுங்கள். எங்கள் வண்டியில் வந்தது கடுங்காப்பி நிறம்! புது ஆயில் இளம் மஞ்சளாகத் தெளிந்து இருக்கும். புது ஆயிலை மேல் கோடு வரை ஊற்றி மூடியை மேலாக வையுங்கள்.

3. மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து தொடங்குவது வழக்கம். ஓட்டுநர் வலப்பக்கம் உட்காரும் நம் வண்டிகளில் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்ற வரிசை. சில மாடல்களில் வரிசை மாறும். சர்வீஸ் மேனுவல் சொல்வதே முடிவு.

4. நிப்பிளைத் துடைத்து, ரிங் ஸ்பேனரை மாட்டி, டியூபைச் செருகி, அதன் மறுமுனை பாட்டிலில் ஊற்றிய கொஞ்சம் புது ஆயிலில் மூழ்கும்படி விடுங்கள்.

5. இன்ஜின் ஆஃப். உள்ளே இருப்பவர் பெடலை மெதுவாக மிதித்து அப்படியே பிடிக்க வேண்டும். நீங்கள் நிப்பிளைக் கால் சுற்றிலிருந்து அரைச் சுற்று வரை திறக்க வேண்டும். ஆயில் ஓடும், பெடல் கீழே போகும். நிப்பிளை மூடுங்கள். மூடிய பிறகுதான் "விடு" என்று சொல்ல வேண்டும். முன்னதாகக் காலை எடுத்தால் காற்று உள்ளே போய்விடும்.

6. தெளிந்த ஆயில் குமிழி இல்லாமல் வரும்வரை இதையே திரும்பச் செய்து, அடுத்த சக்கரத்துக்குப் போங்கள். ஐந்தாறு மிதிக்கு ஒரு தடவை ரிசர்வாயரைப் பார்த்து நிரப்புங்கள்.

எங்கள் வீட்டில் பெடல் மிதித்தது யார் தெரியுமா? அம்மா! "தையல் மிஷின் மிதிச்ச காலுடா, நீ சொல்லு, நான் மிதிக்கிறேன்" என்று வந்து உட்கார்ந்தார். "அமுக்குங்க... பிடிங்க... விடுங்க..." தெருவே வேடிக்கை பார்த்தது. பழைய வண்டியில் பெடலைத் தரைவரை மிதிக்கக் கூடாது. மாஸ்டர் சிலிண்டரில் வழக்கமாகப் பிஸ்டன் போகாத பகுதியில் அழுக்கும் துருவும் இருக்கும், சீலைக் கிழித்துவிடும். அதற்காகப் பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டை வைத்திருந்தோம்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது சக்கரத்தில் வேடிக்கை பார்த்தவர்களுக்கு லெக்சர் அடித்துக்கொண்டே ரிசர்வாயரை மறந்துவிட்டேன். திடீரென்று அம்மா, "என்னடா, கால் பஞ்சுல வைச்ச மாதிரி போகுது?" என்றார். ஓடிப்போய்ப் பார்த்தால் ரிசர்வாயர் காலி! காற்று உள்ளே போய்விட்டது. மீண்டும் முதல் சக்கரத்திலிருந்து தொடங்கினோம். ஒரு பாட்டிலோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, இரண்டாவது பாட்டிலில் பாதியையும் குடித்தது. காலால் மட்டுமே அம்மா கண்டுபிடித்ததை, டிப்ளமோ படிக்கும் நான் கண்ணால் பார்க்கத் தவறினேன்.

இன்னொன்று. பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும். மாமாவின் சிவப்பு ஃபெண்டரில் கொஞ்சம் சிந்தியது. உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவியதால் தப்பித்தோம். இது தண்ணீரில் கரையும், அதனால் துடைப்பதைவிடக் கழுவுவதே நல்லது.

முடித்த பின்

நிப்பிள்களை அளவாக இறுக்கி, அதன் ரப்பர் தொப்பியை மாட்டி, கசிவு உண்டா என்று பாருங்கள். ரிசர்வாயரை மேல் கோடு வரை நிரப்பி மூடியை இறுக்குங்கள். பெடலை அழுத்தி அரை நிமிடம் பிடியுங்கள். அது மெல்ல இறங்கக் கூடாது. பிறகு காலை எடுக்காமல் இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாக இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது என்று பொருள். சக்கரங்களை மாட்டி, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் நடை வேகத்தில் ஓட்டி, பல தடவை நிறுத்திப் பார்த்த பிறகே ரோட்டுக்குப் போங்கள்.

மீந்த ஆயிலை "அடுத்த தடவைக்கு ஆகும்" என்று எடுத்து வைக்காதீர்கள். திறந்த பாட்டில் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல், கழிவு ஆயில் வாங்கும் ஒர்க்ஷாப்பில் கொடுங்கள். ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் அதன் யூனிட்டுக்குள் காற்று போய்விட்டால் ஸ்கேன் கருவி தேவைப்படலாம். அந்த வேலையை அதற்குரிய இடத்தில் விடுவதே புத்திசாலித்தனம்.

பெரும்பாலான கார்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990இல் திறந்த பந்தயத் தளத்தில் ஓடும் கார்கள் போன்றவற்றுக்கு இரண்டு வருடம் எல்லாம் தாங்காது. வளைவுக்கு வளைவு அழுத்திப் பிரேக் பிடிப்பதால் சூடு அதிகம். உயர்ந்த கொதிநிலை உள்ள திரவத்தை ஊற்றி, அடிக்கடி மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

சென்ற மாதம் மறுபடி கொல்லிமலை போனோம். இறங்கும்போது மாமா தானாகவே இரண்டாவது கியரில் போட்டார். அம்மா முன் சீட்டில் இருந்து, "மாமாவோட ஸ்போர்ட்ஸ் கார் இப்பத்தான் நிக்கவும் கத்துக்கிச்சு" என்றார். காரவள்ளி அடிவாரத்தில் இறங்கி டீ குடித்தோம்.

நண்பர்களே! இன்று மாலை வீட்டுக்குப் போனதும், வண்டி எதுவாக இருந்தாலும், அந்தச் சின்ன ரிசர்வாயரை ஒரு தடவை எட்டிப் பாருங்கள். அளவு குறைந்திருந்தால் ஏன் என்று தேடுங்கள்: பேட் தேய்ந்திருக்கலாம், கசிவு இருக்கலாம். நிறம் கடுங்காப்பியாக இருந்தால் நாள் பார்க்காமல் மாற்றுங்கள். நிறம் நன்றாக இருந்தாலும் கடைசியாக மாற்றியது எப்போது என்று அப்பாவையோ மாமாவையோ கேளுங்கள். ஈரம் கண்ணுக்குத் தெரியாது.