சிரிப்பு பிறந்தது பின்தளத்தில்

கேள்வி: இரண்டாம் உலகப் போரை வைத்து பிபிசி எடுத்த ‘இட் ஏய்ன்ட் ஹாஃப் ஹாட் மம்’ போன்ற நகைச்சுவைத் தொடர்களில் சண்டையையே காணோம்; பாட்டும் கூத்துமாகவே போகிறது. போரைப் பார்க்காதவர்கள் லண்டனில் உட்கார்ந்து எழுதியதால்தான் இப்படியா? குண்டுவீச்சை நேரில் கண்ட எங்கள் துறைமுகத்துக்கும் இந்தத் தொடர்களுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?
— வாசகர், உப்புவெளி

பதில்: நீங்கள் நினைப்பதற்கு நேர்மாறானதே உண்மை. போருக்குப் போய் வந்தவர்கள் எழுதியதால்தான் அவற்றில் சண்டை இல்லை. 1974 முதல் 1981 வரை 56 பாகங்கள் ஓடிய அந்தத் தொடரை எழுதியவர்கள் ஜிம்மி பெரி, டேவிட் கிராஃப்ட் என்ற இருவர். பெரி பீரங்கிப் படையில் சேர்ந்து இந்தியாவுக்கு வந்து, நாசிக் அருகேயுள்ள தேவ்லாலி முகாமில் சிப்பாய்களுக்காகவே சிப்பாய்கள் நடத்திய கலைக்குழுவில் ஆடிப்பாடியவர். கிராஃப்டும் இந்தியாவில் படைச்சேவை செய்தவர். தொடரின் கதையும் தேவ்லாலியில் ஒரு கலைக்குழுவோடுதான் தொடங்குகிறது. அமெரிக்காவிலும் இதே கதைதான். கொரியப் போரைப் பற்றிய ‘மாஷ்’ தொடருக்கு மூலமான நாவலை எழுதியவர் அங்கே படை மருத்துவமனையில் கத்தி பிடித்த ஒரு சத்திரசிகிச்சை வைத்தியர். அதைத் தொலைக்காட்சிக்கு ஆக்கித் தந்த லாரி கெல்பார்ட், போர் நடந்தபோதே பாப் ஹோப்பின் கேளிக்கைக் குழுவுக்கு எழுத்தாளராகக் கொரியாவுக்குப் போய் வந்தவர். ‘மக்கேல்ஸ் நேவி’ தொடரில் கப்பல் தலைவனாக நடித்த எர்னஸ்ட் போர்க்னைன் அமெரிக்கக் கடற்படையில் ஏறத்தாழப் பத்து வருடம் இருந்தவர். போரில் சுடுவது கொஞ்ச நேரம், காத்திருப்பது நெடுநேரம் என்பது இவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அந்தக் காத்திருப்பு நடந்த இடம் போர்க்களமல்ல, பின்தளம். இந்த வகை நகைச்சுவையின் பிறப்பிடமும் அதுவே.

அப்படிப் பார்த்தால் திருகோணமலை ஒரு முழுமையான பின்தளம். 1942 ஏப்ரல் 9ஆம் தேதிக் காலையில் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கின. அன்றே மட்டக்களப்புக் கடலில் ‘ஹெர்மிஸ்’ விமானந்தாங்கிக் கப்பல் முந்நூறுக்கு மேற்பட்டோருடன் மூழ்கியது. பிரித்தானியக் கீழைக் கடற்படை கிழக்கு ஆபிரிக்காவின் கிலிண்டினிக்குப் பின்வாங்கி, 1944 தொடக்கத்தில்தான் இங்கே திரும்பியது. சபாங் போன்ற சுமாத்திராத் துறைமுகங்களைத் தாக்க இடையிடையே கப்பல்கள் புறப்பட்டுப் போயின; மற்ற நாட்கள் வெயிலும் நங்கூரமும்தான். அந்த நாட்களில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொன்னால் நகைச்சுவை எழுத்தாளர் எதையும் கற்பனை செய்ய வேண்டியதில்லை என்பது விளங்கும். துறைமுகத்தில் ஒரு மிதக்கும் திருத்துதளம் இருந்தது. அதன் அடித்தொட்டிகளில் நீரை நிரப்பினால் தளம் தாழும். கப்பல் உள்ளே வரும். நீரை இறைத்து வெளியேற்றினால் கப்பலோடு தளம் மேலெழும். எந்தத் தொட்டியை முதலில் இறைப்பது, எதை அடுத்து இறைப்பது என்பது கப்பலின் எடை எங்கெங்கே எவ்வளவு இறங்குகிறது என்பதைப் பொறுத்தது. 1944 ஆகஸ்ட் 8ஆம் தேதி ‘வேலியன்ட்’ என்ற பெரும் போர்க்கப்பலை, வெடிபொருள் முழுவதையும் இறக்காமலே, அதில் ஏற்றினார்கள். தொட்டிகளை இறைத்த வரிசை பிழைத்தது. தளம் முதுகொடிந்து தண்ணீருக்குள் போனது. கப்பல் மிதந்துகொண்டாலும் அதன் உந்துசுழலிகளும் சுக்கானும் சிதைந்துவிட்டன. அந்தப் போரில் அது மறுபடி சண்டைக்குப் போகவேயில்லை. எதிரி ஒரு குண்டுகூடப் போடாத நாளில் இது நடந்தது. பொறுப்பானவர்கள் இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். உடைந்த தளம் இன்றும் கடலடியில் கிடக்கிறது. சுழியோடிகள் இறங்கிப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அதிகாரம், அவசரம், கணக்குப் பிழை, மேலிடத்துக்கு விளக்கம் எழுதும் அவதி என்று பின்தள நகைச்சுவைக்கு வேண்டிய அத்தனையும் அந்த ஒரே நாளில் இருக்கின்றன. பெரியின் கலைக்குழு இங்கே வந்ததாக நான் சொல்லவில்லை. அவர் தேவ்லாலியில் கண்ட வாழ்க்கையின் இன்னொரு வார்ப்பு இங்கே நடந்தது என்பதே என் வாதம்.

மாண்டவர்களை வைத்துச் சிரிப்பதா என்று உடனே கேட்பார்கள். ‘ஹெர்மிஸ்’ மூழ்கிய கடலோரத்தில், பிறகு கால் நூற்றாண்டுக்கு மேல் நீடித்த உள்நாட்டுப் போரையும் கண்ட மண்ணில், இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. பிபிசியே இதற்குப் பயந்தது. பெரியும் கிராஃப்டும் உருவாக்கிய ‘டாட்ஸ் ஆர்மி’ 1968இல் தொடங்கியபோது, தலைப்புக் காட்சியில் சேர்த்திருந்த உண்மையான அகதிகளின், நாஜிப் படைகளின் படத்துண்டுகளை நீக்கச் சொன்னார்கள். அதனால்தான் வரைபடத்தில் அம்புகள் துரத்தும் கார்ட்டூன் வந்தது. ஆனால் அந்தத் தொடரில் நடித்தவர்களைப் பாருங்கள். அடிக்கடி கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கும் சாதுவான முதியவர் காட்ஃப்ரியாக வந்த ஆர்னல்ட் ரிட்லி, 1916இல் சொம் போர்க்களத்தில் படுகாயப்பட்டு, இடது கை சரியாக இயங்காமலே வாழ்நாள் முழுதும் இருந்தவர். ஜெர்மன் கைதி முகாமைப் பற்றிய அமெரிக்கத் தொடர் ‘ஹோகன்ஸ் ஹீரோஸ்’ இன்னும் கடுமையான சோதனை. அதில் அசட்டு முகாம் தளபதி கிளிங்காக நடித்த வெர்னர் கிளெம்பரர் நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா போன யூதக் குடும்பத்துப் பிள்ளை; கிளிங்க் ஒருபோதும் வெல்லக்கூடாது என்பதை நிபந்தனையாக வைத்தே வேடம் ஏற்றார். கைதியாக நடித்த ரொபேர் கிளாரி, புக்கன்வால்ட் வதைமுகாமில் இருந்து உயிரோடு மீண்டவர். இவர்களைப் பார்த்து, போரின் கொடுமை தெரியாதவர்கள் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? சிரிக்கும் உரிமையை இவர்கள் தங்கள் உடம்பால் சம்பாதித்திருந்தார்கள்.

எனக்கே பதில் சொல்லக் கடினமான ஆட்சேபம் வேறொன்று. ‘இட் ஏய்ன்ட் ஹாஃப் ஹாட் மம்’ காட்டும் தேவ்லாலி முகாமில் வெள்ளைக்காரச் சிப்பாய் ஒவ்வொருவனுக்கும் ஊரும் குணமும் கனவும் உண்டு. இந்தியர்களுக்கு? ஒரு பணியாள், ஒரு தேநீர்க்காரர், ஒரு விசிறி இழுப்பவர். பணியாள் ரங்கிராமாக நடித்த மைக்கேல் பேட்ஸ், முகத்தில் மை பூசிய வெள்ளையர். ஜான்சியில் பிறந்தவர், உருது பேசுவார், பர்மாவில் கூர்க்காப் படையில் இருந்தவர் என்று அவர் சார்பில் சொல்லலாம், சொல்லியும் இருக்கிறார்கள். அந்தத் தகுதிகள் உண்மைதான், ஆனால் கேள்வி அவருடைய தகுதியைப் பற்றியதல்ல. தாழ்வாரத்தில் கயிற்றை இழுத்தபடி துரைமாரைப் பற்றி முணுமுணுக்கும் அந்த விசிறிக்காரரைக் கவனியுங்கள். முகாமில் எல்லாம் விளங்கிய ஒரே ஆள் அவர்தான். அவருடைய வீடு எங்கே, பிள்ளைகள் எத்தனை என்று தொடர் கேட்பதில்லை. பின்தளத்தில் வாழ்ந்தவர்கள் தாங்கள் கண்டதை நேர்மையாக எழுதினார்கள் என்ற என் வாதம் இங்கேதான் தன் எல்லையைத் தொடுகிறது. அவர்கள் உள்ளூர்க்காரரை வேலையாளாக மட்டுமே கண்டார்கள், கண்டதையே எழுதினார்கள். தொடரின் முடிவில் சிப்பாய்கள் மூட்டை கட்டி ஊருக்குப் போய்விடுகிறார்கள். திருகோணமலை டொக்யாட்டில் வேலை செய்தவர்களுக்கோ போர் முடிந்த பிறகும் 1957 வரை அதே கடற்படைதான் எசமான்.

அந்தத் தாழ்வாரத்துப் பக்கத்தைத் தமிழில் எழுத நம்மிடம் வழியில்லை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். போர்வீரர்களின் பொழுதுபோக்குக்காகக் கொழும்பில் இருந்து இயங்கிய சியாக் வானொலியின் ஒலிபரப்பு நிலையம் 1949இல் இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. அந்த வானொலியில் பிறந்து 1976இல் திரைப்படமான ‘கோமாளிகள்’, யாழ்ப்பாணத்தாரின் பேச்சையும் முஸ்லிம்களின் பேச்சையும் ஐயரின் பேச்சையும் சிங்களவர் பேசும் தமிழையும் ஒன்றாகக் கலந்து சிரிக்கவைத்தது. பல ஊர்ப் பேச்சை ஒரு கூரையின்கீழ் மோதவிடும் இந்த உத்தியைத்தான் பெரியும் கிராஃப்டும் தங்கள் முகாமில் கையாண்டார்கள். டொக்யாட் வாசலில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் சேர்ந்து நிற்க, உள்ளே திருத்துதளம் மூழ்கிக்கொண்டிருந்த 1944 ஆகஸ்ட் 8ஐ முதல் பாகமாக வைத்து ஒரு வானொலித் தொடரை யாராவது எழுதினால், அதில் கேலிக்கு ஆளாகிறவர்கள் தாழ்வாரத்தில் இருக்க மாட்டார்கள்.