மின்னுவதெல்லாம் பரவல் அல்ல

ரேடியாலஜியிலும் நியூக்ளியர் மெடிசினிலும் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு, ஓய்வுபெற்ற ஒரு ஸ்கேன் டாக்டர் சொல்லிக்கொள்வது இது. மார்பகப் புற்றுநோய் வேறு இடத்துக்குப் பரவியிருக்கிறதா என்ற கேள்வி இனி தினமும் உங்கள் மேசைக்கு வரும். பரவவில்லை என்றால் நோயை அடியோடு நீக்குவதுதான் சிகிச்சையின் இலக்கு. தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவியிருந்தால், பெரும்பாலும் அதை அடக்கிவைத்து, வலியைக் குறைத்து, இயன்றவரை நீண்ட நாள் வாழவைப்பதே இலக்காகிவிடும். நீங்கள் எழுதும் ஒரு வரியில் ஒரு பெண்ணின் வைத்தியமே திசை மாறும். அவசரப்பட்டு எழுதினாலும் ஆபத்து, பயந்து எழுதாமல் விட்டாலும் ஆபத்து.

1. எல்லாருக்கும் ஸ்கேன் வேண்டியதில்லை.
முதல், இரண்டாம் நிலையில் இருந்து, வேறு தொந்தரவு ஏதும் இல்லாத பெண்ணுக்குத் தொலைதூரப் பரவல் இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமான ஆஸ்கோ, வழக்கமாகச் செய்யத் தேவையில்லாதவை என்று 2012-இல் வெளியிட்ட பட்டியலில் இவர்களுக்கான பெட், சி.டி., எலும்பு ஸ்கேன்களும் இருந்தன. 'எடுத்துப் பார்த்தால் என்ன நஷ்டம்?' என்று குடும்பத்தார் கேட்பார்கள். நஷ்டம் உண்டு. கல்லீரலில் ஒரு நீர்க்கட்டி, நுரையீரலில் என்றோ ஆறிய ஒரு தழும்பு என்று ஏதாவது தென்படும். அதைத் துரத்திக்கொண்டு மேலும் ஸ்கேன், மேலும் ஊசி என்று போக, ஆபரேஷன் தள்ளிப்போகும். ஆனால் மூன்றாம் நிலையிலோ, முதுகுவலி, மூச்சிரைப்பு, ரத்தப் பரிசோதனையில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் ஏற்றம் என்று காரணம் இருந்தாலோ, ஸ்கேன் எடுக்காமல் விடக்கூடாது.

2. எங்கே தேட வேண்டும் என்று மனதில் வரிசை இருக்கட்டும்.
அக்குள் நெறிக்கட்டி முதலில். தொலைவில் என்றால் எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை. எலும்பிலும் சிவப்பு மஜ்ஜை உள்ள முதுகெலும்பு, இடுப்பெலும்பு, விலா, மண்டையோடு, தொடை எலும்பின் மேற்பகுதி ஆகியவற்றைக் குறிப்பாகப் பாருங்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'லோபுலர்' என்று இருந்தால் கூடுதல் கவனம் தேவை. அந்த வகை வயிற்று உறை, குடல், சூலகம் வரை போகும். கட்டியாகத் திரளாமல் மெல்லிய படலமாகப் படரும். எஃப்.டி.ஜி. பெட்டில் மங்கலாகவே தெரியும். இங்கே கைகொடுக்கக்கூடிய, ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைத் தேடிப் போய் ஒட்டும் எஃப்.இ.எஸ். என்ற பெட் மருந்துக்கு அமெரிக்கா 2020-இல் அனுமதி கொடுத்தது. அது எல்லா ஊரிலும் கிடைக்காது. ஆகையால் லோபுலர் நோயாளியின் பெட் சுத்தமாக இருக்கிறதே என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

3. மெஷின் எதைக் காட்டுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.
எலும்பு ஸ்கேன் திருடனைக் காட்டாது, அவன் இடித்த சுவரைப் பூச வந்த கொத்தனாரைத்தான் காட்டும். டெக்னீஷியம் சேர்த்த மருந்து எலும்பு புதிதாக உருவாகும் இடத்தில் போய்ச் சேர்கிறது. அங்கே இருப்பது புற்றுநோயா, பழைய முறிவா, மூட்டுத் தேய்மானமா என்று அதற்குத் தெரியாது. பெட் காட்டுவது சர்க்கரைப் பசியை. மூளை இயல்பாகவே சர்க்கரையை விழுங்கும் உறுப்பு என்பதால், அங்குள்ள சிறு பரவல் அந்த வெளிச்சத்தில் மறைந்துபோகும். தலைவலியும் வாந்தியும் இருந்தால் கான்ட்ராஸ்ட் கொடுத்து எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லுங்கள். ஒரு சென்டிமீட்டருக்கும் சிறிய நுரையீரல் புள்ளிகளையும் பெட் தவறவிடும். மூச்சை அடக்கி எடுத்த சி.டி.யில் அவற்றைத் தனியாகத் தேடுங்கள்.

4. பாதி ரிப்போர்ட் ஊசி போடும் அறையிலேயே தீர்மானமாகிவிடும்.
பெட்டுக்கு வருபவர் நான்கிலிருந்து ஆறு மணி நேரம் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும். ரத்தச் சர்க்கரை 200-க்குள் இருப்பது நல்லது. ஏறியிருக்கிறதே என்று இன்சுலின் போட்டுவிட்டு உடனே மருந்தை ஏற்றினால் அது தசைக்குப் போய்விடும். ஃபுளோரின்-18-இன் கதிர்வீச்சு 110 நிமிடத்தில் பாதியாகிவிடும் என்பதால், இதையெல்லாம் மருந்து வந்து சேர்வதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். நோயுள்ள மார்பகத்துக்கு எதிர்ப்பக்கக் கையில் ஊசி போடுங்கள். முழங்கை மடிப்பில் கொஞ்சம் மருந்து வெளியே கசிந்தாலும் அந்தப் பக்க அக்குள் நெறிக்கட்டி பளிச்சென்று எரியும். ஏ.சி. குளிரில் நடுங்கினால் கழுத்திலும் தோளிலும் உள்ள பழுப்புக் கொழுப்பு ஒளிரும். ஒரு கம்பளி கொடுத்தால் அந்தக் குழப்பம் குறையும். எலும்பு ஸ்கேனுக்கு நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, படுக்கவைக்கும் முன் சிறுநீர் கழிக்க அனுப்புங்கள். பாவாடையில் ஒரு சொட்டு பட்டிருந்தாலும் படத்தில் இடுப்பெலும்பின் மேல் ஒரு கரும்புள்ளி விழும். துணியை மாற்றச் சொல்லி மறுபடி எடுத்தால், எலும்பில் இருப்பதா துணியில் இருப்பதா என்று தெரிந்துவிடும்.

5. படத்துக்கு முன் கதையைக் கேளுங்கள்.
மடியில் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருப்பார்கள். அதில்தான் போன வருட எக்ஸ்ரேயும் சி.டி.யும் இருக்கும், வாங்கிப் பாருங்கள். குளியலறையில் வழுக்கி விழுந்தாரா? அடுத்தடுத்த விலாக்களில் ஒரே கோட்டில் வரிசையாகப் புள்ளிகள் இருந்தால் பெரும்பாலும் அது அடிபட்டதுதான். சமீபத்தில் எந்தக் கையில் தடுப்பூசி போட்டார்? அந்தப் பக்க அக்குள் சில வாரம் ஒளிரலாம். கீமோவுக்குப் பின் வெள்ளணு ஊசி போட்டிருந்தால் முதுகெலும்பு முழுக்க ஒரே சீராக எரியும். காசநோய் மலிந்த நம் நாட்டில் மார்புக்கூட்டு நெறிக்கட்டி ஒளிர்ந்தால் அதையும் நினையுங்கள். விலாவில் ஒற்றைப் புள்ளி பெரும்பாலும் சாதுவாக முடியும். மார்பகப் புற்றுநோய் உள்ளவருக்கு நெஞ்செலும்பில் ஒற்றைப் புள்ளி என்றால் அத்தனை எளிதில் விட்டுவிடாதீர்கள்.

6. அக்குளுக்கு அல்ட்ராசவுண்டை நம்புங்கள்.
நெறிக்கட்டியின் புறணி மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தடித்து, நடுவிலுள்ள கொழுப்பு மறைந்திருந்தால் அங்கேயே ஊசி போட்டுத் திசு எடுக்கலாம். ஒன்றும் தெரியாவிட்டால் நோயே இல்லை என்று அர்த்தமல்ல. செல் அளவிலான பரவல் எந்த ஸ்கேனிலும் தெரியாது. நீலச்சாயமோ கதிரியக்க மருந்தோ செலுத்தி, ஆபரேஷனில் முதல் காவல் நெறிக்கட்டியை எடுத்துப் பார்ப்பது அதற்காகத்தான்.

7. முதல் பரவலை ஊசியால் உறுதி செய்யச் சொல்லுங்கள்.
பாதுகாப்பாக எட்டக்கூடிய இடம் எது என்று ரிப்போர்ட்டிலேயே காட்டிக்கொடுங்கள். இன்னொரு காரணமும் உண்டு. மார்பகக் கட்டியில் இருந்த ஹார்மோன் ஏற்பியும் ஹெர்-2-வும் பரவிய இடத்தில் மாறியிருக்கலாம். அது மாறினால் மருந்தே மாறும்.

8. சிகிச்சைக்குப் பின் எடுத்த எலும்பு ஸ்கேனில் நிதானம் வேண்டும்.
மருந்து வேலைசெய்து புண் ஆறும்போதும் கொத்தனாருக்கு வேலை கூடும். முதல் சில மாதங்களில் பழைய புள்ளிகள் அதிகம் கறுத்து, முன்பு தெரியாதவையும் தலைகாட்டலாம். இதற்கு 'ஃப்ளேர்' என்று பெயர். வலி குறைந்து, சி.டி.யில் எலும்பு அரிப்பு வெள்ளையாக இறுகிவந்தால் அது நல்ல அறிகுறி. நோய் முற்றுகிறது என்று எழுதி, வேலைசெய்யும் மருந்தை நிறுத்த வைத்துவிடாதீர்கள்.

9. சிலவற்றைப் போனில் சொல்ல வேண்டும்.
முதுகெலும்பிலிருந்து நோய் தண்டுவடத்தை அழுத்தினாலும், தொடை எலும்பின் கழுத்து அரித்து உடையும் நிலையில் இருந்தாலும் ரிப்போர்ட் டைப் ஆகும்வரை காத்திருக்காதீர்கள். முதலாமவருக்குக் கால் மரத்து, சிறுநீர் கட்டிக்கொண்ட பிறகு வைத்தியம் பார்த்தால் நடை திரும்புவது கடினம். அன்றே முதுகெலும்பு முழுவதற்கும் எம்.ஆர்.ஐ. வேண்டும். இரண்டாமவரை மேசையிலிருந்து நடக்க விடாமல் ஸ்ட்ரெச்சரில் அனுப்புங்கள், எலும்பு டாக்டரைக் கூப்பிடுங்கள்.

10. உங்களுக்கு எவ்வளவு நிச்சயமோ அவ்வளவே எழுதுங்கள்.
பரவல்தான், பரவலாக இருக்கலாம், பரவல் இல்லை. இந்த மூன்றில் எது என்று முடிவுரையில் வெளிப்படையாக இருக்கட்டும். நடுவில் உள்ளதை எழுதினால் அடுத்து என்ன செய்தால் தெளிவாகும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எல்லாவற்றையும் சந்தேகம் என்று எழுதித் தப்பித்துக்கொள்ளும் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு கேன்சர் டாக்டரால் ஒன்றும் செய்ய முடியாது.

11. 'பரவியிருக்கா சார்?' என்ற கேள்விக்குத் தயாராக இருங்கள்.
மேசையிலிருந்து இறங்கியதும் கேட்பார்கள். முழுப்படமும் பார்க்காமல் 'ஒண்ணுமில்லம்மா' என்று ஆறுதலுக்காகச் சொல்லக்கூடாது. திரையைப் பார்த்து முகம் சுளிப்பதும் ஒரு பதில்தான், அதுவும் கூடாது. 'இன்னும் எல்லாப் படத்தையும் நிதானமாகப் பார்க்கணும்மா. உங்க டாக்டரே நேரில் உட்காரவச்சு விளக்குவார்' என்று சொல்லி, எந்த நாள், எத்தனை மணிக்கு என்பதையும் கேட்டுச் சொல்லுங்கள். அவர் அங்கே போய் உட்காரும் முன் உங்கள் ரிப்போர்ட் அந்த டாக்டர் கையில் இருக்க வேண்டும்.