குளிரில் டீசல் எஞ்சின்: நொசிலைக் கவனிப்போம்

திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில், கடற்கரைச் சூட்டில், ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிற லொறி 1,868 மீற்றர் உயர நுவரெலியாவில் விடியக்காலை முரண்டு பிடிக்கிறதே, ஏன்?

டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. அழுத்தத்தில் சூடேறிய காற்றில்தான் டீசல் பற்றுகிறது. குளிர்காற்று போதிய அளவு சூடாகாது. அதோடு நொசில் அடைபட்டு, டீசல் தூவாமல் ஒழுகினால், பற்றாத டீசல் வெள்ளைப் புகையாகப் போய்விடும். கொழுந்தும் மடுவத்திலேயே கிடக்கும்.

நாம் செய்ய வேண்டியவை:

1. ஃபில்டரில் தேங்கும் தண்ணீரை வடிப்போம்.

2. ஹீட்டர் பிளக் உள்ள வண்டியில், விளக்கு அணைந்த பிறகே செல்ஃப் அடிப்போம். பேட்டரி முனைகளைத் துப்புரவாக வைப்போம்.

3. நொசிலைக் கழற்றுமுன் சுற்றியுள்ள அழுக்கைத் துடைப்போம். துளையைக் கம்பியால் குத்தக் கூடாது; பெரிதாகிவிடும். சுத்தமான டீசலில் கழுவி, பம்ப் வேலைத்தலத்தில் அழுத்தம் சோதித்து, புது வாஷர் போட்டுப் பூட்டுவோம்.

கவனம்! நொசில் தூவுகிறதா என்று கையை நீட்டிப் பார்க்காதீங்க. அந்த வேகத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஊசி குத்தியது போலத்தான் தெரியும். வலி இல்லையே என்று இருந்துவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. பிந்தினால் விரலே போகலாம். வேலை நடக்கும் இடத்தில் பிள்ளைகளையும் விடாதீங்க.