பழைய உதிரிபாக வியாபாரம்: மூன்று பாடங்கள்

அம்பாசிடர் கார் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. ஆனாலும் அதைப் புதுப்பித்து ஓட்டுவோர் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கை கொடுப்பது, உடைத்த வண்டிகளில் கழற்றிய பாகங்களே. சென்னை புதுப்பேட்டை இவ்வியாபாரத்துக்குப் பேர்போனது. அங்கிருந்து நாம் கற்க வேண்டியவை மூன்று.

ஒன்று, தரம் பிரித்தல். மார்க் 2-ன் கிரில் வேறு. மார்க் 4-ன் கிரில் வேறு. மாடல் எழுதிச் சீட்டுக் கட்டாத பாகம் காயலான் கடைக்கு எடைக்குத்தான் போகும்.

இரண்டு, மாற்றுமுறை. பழைய டைனமோ கொண்டு வருபவருக்குப் பழுது பார்த்ததைக் கொடுத்து, வித்தியாசத் தொகையை மட்டும் வாங்கலாம். அவர் விட்டுச் செல்வது நமக்கு அடுத்த சரக்கு. தேய்ந்த பிரேக், ஸ்டியரிங் பாகங்களை மட்டும் விற்கவே கூடாது, உயிர் விஷயம்.

மூன்று, ஆதாரம். விற்பவர் பெயர், முகவரி, ஆர்.சி. நகல், எஞ்சின் எண் ஆகியவற்றைப் பதிந்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ நேர்மையின்றி வாங்கினால், பாரதிய நியாய சம்ஹிதை 317-ஆவது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை உண்டு.

மளிகைக் கடைக்கும் இதே கணக்குதான். வந்த வழி தெரியாத சரக்கு எவ்வளவு மலிவானாலும் நமக்கு வேண்டாம்.