மார்பகப் புற்றுநோய்: நிலையைப் புரிந்துகொள்ளும் வழி

மார்பகப் புற்றுநோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதைச் சொல்வது ஸ்டேஜ், அதாவது நிலை. புற்றுச்செல்கள் இயல்பிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன என்பதைச் சொல்வது கிரேடு. பயாப்ஸி அறிக்கையில் 'கிரேடு 3' என்று பார்த்ததும் மூன்றாம் நிலை என்று கலங்கிப்போகும் குடும்பங்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு.

நிலையைக் கணிப்பதற்கு அடிப்படை மூன்று எழுத்துகள். 'டி' கட்டியைக் குறிக்கும்: 2 செ.மீ. வரை டி1, 5 செ.மீ. வரை டி2, அதற்கு மேல் டி3. புற்று தோலில் புண்ணாக வெடித்தாலோ நெஞ்சுச் சுவரைப் பற்றினாலோ, அளவு எதுவானாலும் டி4. 'என்' நெறிகளை, அதாவது நிணநீர் முடிச்சுகளைக் குறிக்கும்: அறுவைக்குப் பிந்தைய ஆய்வில் அக்குளின் 1 முதல் 3 நெறிகளில் புற்று இருந்தால் என்1, 4 முதல் 9 வரை என்2, பத்தோ அதற்கு மேலோ என்3. 'எம்' தொலைப் பரவலைக் குறிக்கும்: எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை போன்ற தொலை உறுப்புகளுக்குப் பரவியிருந்தால் எம்1. கட்டி சிறியதானாலும் அது நான்காம் நிலைதான். பால்நாளத்துக்குள்ளேயே அடங்கிய புற்று பூச்சிய நிலை.

2018 முதல் நடைமுறையில் உள்ள அமெரிக்க வகைப்பாட்டில் கிரேடும், ஈ.ஆர்., பி.ஆர். என்ற ஹார்மோன் ஏற்பிகளும், ஹெர்-2 என்ற புரதமும் கணக்கில் சேர்கின்றன. நெறியில் பரவாத 3 செ.மீ. கட்டி பழைய கணக்கில் 2ஏ. இந்தக் குறிகள் சாதகமாக இருந்தால் அதுவே ஒன்றாம் நிலையாகலாம்.

நிலை இருமுறை கணிக்கப்படுகிறது. பரிசோதனையும் ஸ்கேனும் வைத்துச் சொல்வதற்கு 'சி' என்றும், அறுவைக்குப் பின் சொல்வதற்கு 'பி' என்றும் முன்னெழுத்து வரும். முதலில் கீமோ கொடுத்திருந்தால் 'ஒய்பி'. இரண்டு கணிப்பும் வேறுபட்டால் மருத்துவர் தவறிவிட்டார் என்று பொருளல்ல. அறுவைக்குப் பின்பே நெறிகளின் உண்மை நிலை முழுதாகத் தெரிகிறது.

மீனாட்சிபுரம் போன்ற தமிழ்நாடு-கேரள எல்லை ஊர்களில் இருப்பவர்களுக்கு ஒரு பரிசோதனை பாலக்காட்டிலும் அடுத்தது பொள்ளாச்சியிலோ கோயம்புத்தூரிலோ நடக்கக்கூடும். மருத்துவமனை மாறும்போது அறிக்கைத்தாள் மட்டும் போதாது. பயாப்ஸி ஸ்லைடுகளையும் திசு பதிக்கப்பட்ட பாரஃபின் பிளாக்கையும் கேட்டு வாங்கிச் செல்வது நல்லது. அவை இருந்தால் புதிய மருத்துவமனை மறுஆய்வு செய்துகொள்ளும். மீண்டும் ஊசி குத்த வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. தேதி வாரியாக அடுக்கிய ஒரே கோப்பும் உதவும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை நான்கு: டி, என், எம் என்ன, இது சி-யா, பி-யா, கிரேடும் மூன்று குறிகளும் என்ன, இவற்றால் சிகிச்சை எப்படி மாறுகிறது. ஆரம்ப நிலையில் அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு உடல் முழுவதற்குமான பெட் ஸ்கேன் பொதுவாகத் தேவைப்படாது. எழுதிக் கொடுத்தால் காரணம் கேட்கலாம். பிற்காலத்தில் நோய் திரும்பினாலும் முதலில் குறித்த நிலை மாறாது. திரும்பிய நோய் தனியாகவே மதிப்பிடப்படும்.